யாழ்ப்பாணக் காணி வழக்கு: அப்பீல் கொழும்புக்கா போகும்?

வணக்கம். வேலி எல்லை வழக்கில் யாழ்ப்பாணம் மாவட்ட நீதிமன்றம் போன கிழமை உங்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது, சட்டத்தரணி 'மேல் நீதிமன்றம்' என்கிறார், சென்னையில் இருக்கும் மாமா 'உயர் நீதிமன்றம்' என்கிறார், எது சரி என்று கேட்டிருந்தீர்கள்.

சட்டத்தரணி சொன்னதுதான் சரி. மாமா அங்கத்தைய பெயரைச் சொல்கிறார். இந்தியாவில் உயர் நீதிமன்றம் என்றால் ஹைகோர்ட், அதற்கு மேலே உச்ச நீதிமன்றம். இலங்கையில் எங்களிடம் ஹைகோர்ட்டுக்குப் பெயர் மேல் நீதிமன்றம். உயர் நீதிமன்றம்தான் நாட்டின் கடைசிப் படி. இந்தப் பெயர்க் குழப்பத்தில் சிக்காத குடும்பம் குறைவு.

முன்பு இப்படியான அப்பீல் கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குத்தான் போகும். 2006ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் வந்தபிறகு மாகாண மேல் நீதிமன்றமே குடியியல் மேன்முறையீட்டை, அதாவது சிவில் அப்பீலை, கேட்கிறது. ஆகவே யாழ்ப்பாணத்திலேயே நடக்கும். அங்கும் தோற்றால் உயர் நீதிமன்றம், அதுவும் அனுமதி கிடைத்தால் மட்டும். அந்த நீதிமன்றம் இருக்கும் கொழும்புப் புதுக்கடைக்குப் பயணம் அப்போதுதான்.

இப்போது அவசரம் நாட்கணக்குத்தான். மேன்முறையீட்டு அறிவித்தலைத் தீர்ப்புச் சொன்ன அதே மாவட்ட நீதிமன்றத்தில் தீர்ப்புத் திகதியிலிருந்து 14 நாளுக்குள் கொடுக்கவேண்டும். ஞாயிறும் பொது விடுமுறையும் அதில் சேராது. அதன்பின் கொடுக்கும் மேன்முறையீட்டு மனுவுக்குத் தீர்ப்புத் திகதியிலிருந்து 60 நாள். எங்கள் சித்தப்பா தீர்ப்பின் பிரதி கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தார். கலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம்கூடப் போட்டு வைத்திருந்தார். அறிவித்தல் பிந்திப்போனது.

நாளைக்கே சட்டத்தரணியிடம் போய்த் திகதியைக் கேளுங்கள்.