பழைய எம்ஜிபி வாங்கலாமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் வசிக்கிறேன். 1972ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரையை மடக்கக்கூடிய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. சிவப்பு பெயின்ட் புதிதுபோல் மின்னுகிறது. தினமும் வேலைக்கு ஓட்டிச் செல்லலாமா? செலவு கையைக் கடிக்குமா?

பதில்: தாராளமாக வாங்குங்கள். ஆனால் வேலைக்குப் போக வேறு கார் இருக்கட்டும். குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு இந்தக் காருக்கு எமன். ஏர்பேக், ஏபிஎஸ் எதுவும் கிடையாது என்பதையும் வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள்.

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில் முதன்முறை வாங்குபவருக்கு நான் எம்ஜிபியைத்தான் சொல்வேன். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரானதால், ஏறக்குறைய எல்லா உதிரிபாகங்களும் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. 1798 சிசி எஞ்சினும் இரண்டு எஸ்யூ நிறுவனக் கார்புரேட்டர்களும் எளிமையானவை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் வீட்டு வாசலிலேயே பாதி வேலையை முடித்துவிடலாம். வேகத்தில் இன்றைய குடும்பக் கார்களே இதை முந்திவிடும். அதனால் என்ன? கூரையை மடக்கிவிட்டு கிராமத்துச் சாலையில் 40 மைல் வேகத்தில் போனாலே, சாலையின் ஒவ்வொரு மேடுபள்ளமும் ஸ்டீயரிங் வழியாகக் கைக்கு வந்து சேரும். அந்தச் சுகத்தைப் புதிய கார்களில் நான் கண்டதில்லை.

பணத்தை விழுங்குவது துருதான். இதற்குத் தனிச் சட்டகம் கிடையாது. பாடியே எடையைத் தாங்குகிறது. கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் 'சில்' என்ற பெட்டிபோன்ற பகுதிதான் அதன் முதுகெலும்பு. அது உள்ளே அரித்துப்போனாலும், மேலே புதுத் தகட்டை ஒட்டி பெயின்ட் அடித்து மறைத்துவிடுவார்கள். அதனால் பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். கதவுக்கும் பின்பக்கத் தகட்டுக்கும் இடையிலுள்ள இடுக்கைப் பாருங்கள்: மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். பிறகு காரை ஜாக்கியில் தூக்கிக் கதவைத் திறந்து மூடுங்கள். இடுக்கு குறுகினாலோ கதவு இடித்தாலோ சில் பலமிழந்துவிட்டது என்று பொருள். துணி சுற்றிய காந்தத்தைச் சில் நெடுகிலும் நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் புட்டி பூசியிருக்கிறார்கள். இரண்டு பக்கச் சில்களையும் முறையாக வெட்டி மாற்றும் கூலி, எஞ்சின் பழுது பார்ப்பதைவிடப் பயமுறுத்தும். எஞ்சின் தேய்ந்து, பாடி நன்றாக இருக்கும் காரே எனக்கு மேல்.

40 வயது கடந்த வாகனம் என்பதால் சாலை வரி இல்லை. ஆனால் வரலாற்று வாகனமாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பெரிய மாற்றங்கள் செய்யப்படாதிருந்தால் எம்ஓடி என்ற வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. இந்த விலக்கை நான் சலுகையாகவே எடுத்துக்கொள்வதில்லை. பிரேக்கும் ஸ்டீயரிங்கும் உயிர் சம்பந்தப்பட்டவை. ஆண்டுதோறும் காசு கொடுத்தாவது சோதித்துவிடுங்கள். பெட்ரோலில் இ10 (10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது) வேண்டாம், இ5 (5 சதவீதம் வரை) போடுங்கள். எத்தனால் பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும்.

ஓவர்டிரைவ், அதாவது வேகமாகப் போகும்போது எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர், உள்ள கார்தானா என்று கேளுங்கள். அது இல்லாவிட்டால் 70 மைல் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3,900 சுற்று சுற்றும். நெடுஞ்சாலையில் காது வலிக்கும். பார்க்கப் போகும் நாளில் எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். குளிர்ந்த எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் செய்து, புகையின் நிறத்தையும் ஆயில் அழுத்தமானியையும் கவனியுங்கள்.