நுகர்வோர் கேள்வி-பதில்: சிறு பாத்திக்கு நம் தென்னாப்பிரிக்க நாட்டுப் பூச்செடிகள்

கேள்வி: வீட்டு வாசலில் இரண்டு மீட்டர் நீளப் பாத்தி ஒன்று இருக்கிறது, நல்ல வெயில் படும். இதுவரை செடி வளர்த்ததில்லை. ஆண்டுதோறும் பூக்கும் உள்நாட்டுச் செடிகளில் எவற்றை வாங்கலாம்? (வாசகி, சாட்ஸ்வொர்த்)

பதில்: மூன்று வகை போதும், அம்மா. பின்வரிசைக்கு டயட்டீஸ் கிராண்டிஃப்ளோரா. இடுப்பளவு வளர்ந்து வெள்ளையாகப் பூக்கும். பூ உதிர்ந்த தண்டை நறுக்கிவிடாதீர்கள், அதே தண்டில் மறுபடியும் மொட்டு வரும். நடுவில் புல்பைன், சாறு நிறைந்த இலைகள் இருப்பதால் ஒருசில நாள் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் தாங்கும். ஓரத்தில் டுல்பேகியா வயோலேசியா. பூ ஊதா நிறம், இலையைக் கசக்கினால் பூண்டு வாடை. புரட்டாசி விரதத்தில் பூண்டை ஒதுக்கும் வீடுகளில் இதைப் பூஜைக்குப் பறிக்காமலிருப்பது நல்லது. மூன்றும் புதராகப் பெருகிப் பிரித்து நடக் கன்று தருபவை என்பதால், வகைக்கு மூன்று சிறு பைகள் வாங்கினால் போதும். பூத்துக் குலுங்கும் பெரிய தொட்டிக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. பையின் அடித்துளையைப் பாருங்கள். வேர் வட்டமாகச் சுற்றி இறுகியிருந்தால் அந்தச் செடி கடையில் நெடுநாள் கிடந்தது என்று பொருள்.

கேள்வி: நமாக்குவாலாந்து டெய்சி விதை போட்டேன். அழகாகப் பூத்து, அப்படியே காய்ந்துவிட்டது. என்னை ஏமாற்றிவிட்டார்களா? (வாசகர், மெரேபாங்க்)

பதில்: இல்லை. அது ஒருபருவச் செடி. விதைப் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்திருக்கலாம்.

கேள்வி: டர்பனில் களிமண் பாத்திக்கு என்று சொல்லித்தான் கேட்டேன். ‘இண்டிஜினஸ்’ (உள்நாட்டுச் செடி) என்று சீட்டு ஒட்டிய லியுகோஸ்பெர்மம் பூச்செடி மூன்றைக் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் அடி அழுகிவிட்டது. செடிகளுக்கு உத்தரவாதம் கிடையாது என்கிறார் கடைக்காரர். (வாசகி, ஃபீனிக்ஸ்)

பதில்: இந்தச் சீட்டைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. தென்னாப்பிரிக்கா எங்கும் ஒரே பருவத்தில் மழை பெய்யும் நாடல்ல. கேப் மேற்குப் பகுதிக்கு மழை குளிர்காலத்தில். நமக்கோ கோடையில், அதுவும் புழுக்கத்தோடு. அங்கே நீர் தேங்காத, சத்துக் குறைந்த மணற்பாங்கான மண்ணில் பிறந்த செடியைக் கொண்டுவந்து, டிசம்பர் மழை தேங்கும் நம் களிமண்ணில் நட்டால் வேர் அழுகுவது இயல்பு. அது உள்நாட்டுச் செடி என்பது உண்மைதான், ஆனால் எந்த ஊர்ச் செடி, எவ்வளவு உயரம், வெயிலா நிழலா என்ற மூன்றையும் சொல்லாத சீட்டு வாங்குபவருக்கு எதற்கும் உதவாது. விற்பவருக்கு மட்டுமே உதவும். நீங்கள் இடத்தைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள், அதுவே உங்கள் பலம். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 20ஆம் பிரிவில், குறிப்பிட்ட தேவையைச் சொல்லி வாங்கிய பொருள் அதற்குப் பொருந்தாவிட்டால் 10 வேலை நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்க இடம் தருகிறது. அழுகிய செடிகளைத் தூக்கி எறியாமல், பில்லோடும் படங்களோடும் இன்றே கடைக்குப் போங்கள். மறுத்தால், நுகர்வோர் பொருள் மற்றும் சேவைகள் குறைதீர்ப்பாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.

கேள்வி: ஆரஞ்சுப் பூவுக்காக ‘ஸ்ட்ரெலிட்ஸியா’ வாங்கி நட்டேன். நான்கு ஆண்டுகளில் கூரையைத் தொட்டுவிட்டது. ஆரஞ்சுப் பூவைக் காணோம். (வாசகர், டொங்காட்)

பதில்: உங்களுக்கு விற்றது ஸ்ட்ரெலிட்ஸியா நிக்கோலாய். பூ வெள்ளையும் நீலமும். 10 மீட்டர் வரை வளரும் மரம். நீங்கள் கேட்டது ரெஜினே, அது ஆளுயரத்தோடு நின்றுவிடும். கன்றாக இருக்கும்போது அனுபவமில்லாதவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும் என்பதால் குற்றம் உங்களுடையதல்ல. எனக்கும் ஒரு கடை இதையே தள்ளிவிட்டது. செடியின் விலையைவிட அதை வெட்டி எடுத்த கூலி அதிகம். இனி முழுத் தாவரப் பெயரையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். டர்பன் தாவரவியல் பூங்காவில் வளர்ந்த செடியைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போவது இன்னும் நல்லது.

கேள்வி: சாலையோரத்தில் வேரோடு பிடுங்கிய கிளைவியா பூச்செடியைக் கட்டுக்கட்டாக மலிவு விலைக்கு விற்கிறார்கள். வாங்கலாமா? (வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: கூடாது. காட்டில் அருகிவரும் செடி அது. அனுமதியில்லாமல் பிடுங்குவது குற்றம். நர்சரியில் விலை அதிகமாக இருப்பதற்குக் காரணம், விதையிலிருந்து வளர்த்த கன்று பூக்கச் சில ஆண்டுகள் பிடிக்கும் என்பதே. அப்படி வாங்கினாலும் மர நிழலில் நடுங்கள். வெயிலில் இலை கருகிவிடும்.