பென்சிலைத் திருத்த முன்னம் கதிரையைப் பாருங்கள்

(திருகோணமலையில் பள்ளிப் பிள்ளைகளோடு வேலை செய்யும் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவரிடம் பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்டவையும் அவர் சொன்ன பதில்களும்.)

முதலே சொல்லிவிடுகிறேன், நான் டொக்டர் இல்லை. ‘மிஸ்’ என்றே கூப்பிடுங்கள். எழுதுவது, உடுப்பது, சாப்பிடுவது, விளையாடுவது என்று ஒரு பிள்ளை அன்றாடம் செய்யவேண்டிய வேலைகளில் எது இடறுகிறது, ஏன் இடறுகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. மருந்து மாத்திரை எங்களிடம் இல்லை. சரி, கேளுங்கள்.

உப்புவெளியிலிருந்து ஓர் அம்மா: மகன் தரம் 2. நாலு வரி எழுத முதல் ‘கை நோகுது’ என்கிறான். அமத்தி எழுதி கொப்பித் தாளே கிழியுது. ரீச்சர் சோம்பேறி என்கிறா. நான் தினமும் ஒரு பக்கம் கூடுதலா எழுத விடுறன், சரிதானே மிஸ்?

அந்தக் கூடுதல் பக்கத்தை இன்றைக்கே நிறுத்துங்கள். நோகிற கைக்கு மேலும் வேலை கொடுத்தால் எழுத்தில்தான் வெறுப்பு வரும்.

அவன் எங்கே இருந்து எழுதுகிறான்? பெரும்பாலும் பெரியவர்களின் பிளாஸ்ரிக் கதிரையும் சாப்பாட்டு மேசையுமாகத்தான் இருக்கும். கால் அந்தரத்தில் தொங்கும், மேசை நெஞ்சுக்கு மேலே வரும், தோள் இரண்டும் காதுக்கு ஏறியிருக்கும். உடம்பு விழாமல் பிடித்துக்கொள்ளவே பாதிப் பலம் போய்விட்டால் விரலுக்கு என்ன மிஞ்சும்? பழைய பால்மா அட்டைப்பெட்டிக்குள் பத்திரிகைத் தாள்களை இறுக்கி அடைத்து, ரேப் சுற்றிக் காலுக்கடியில் வையுங்கள். பாதம் முழுதாகப் பதியவேண்டும். முதுகுக்குப் பின்னால் மடித்த போர்வை. தோளை உயர்த்தாமலே முழங்கை மேசையில் தங்கினால் உயரம் சரி. தங்காவிட்டால் இருக்கையில் தலையணை போட்டு உயர்த்துங்கள். அப்போது காலடிப் பெட்டியும் உயரவேண்டும், அதை மறந்துவிடுவார்கள்.

அமத்தி எழுதுவதற்கு: எச்.பி. பென்சிலை விட்டு 2பி கொடுங்கள், மெல்லத் தொட்டாலே கறுப்பாக விழும். முழுப் பென்சில் வேண்டாம், அவனுடைய சுண்டுவிரல் நீளத் துண்டு போதும். குட்டைப் பென்சிலைக் கை முழுதும் சுற்றிப் பிடிக்க இடமில்லை, விரல் நுனிகள் தானாகவே முன்னுக்கு வரும். இன்னொரு விளையாட்டு: மெல்லிய ஸ்பொஞ்சின் மேல் ஒற்றைத் தாளை வைத்து எழுதச் சொல்லுங்கள். அமத்தினால் ஓட்டை விழும். ஓட்டை விழாமல் தன் பெயரை எழுதிமுடிப்பதுதான் போட்டி. நீங்கள் ‘அமத்தாதே’ என்று சொல்லத் தேவையே வராது.

கைப்பலத்துக்குக் கடையில் எதுவும் வாங்கவேண்டாம். ரொட்டிக்கு மா குழைக்க, இடியப்ப உரலை அமத்த, ஈரத் துவாயைப் பிழிய, உடுப்புக் கிளிப்பைக் கொடியில் மாட்ட விடுங்கள். பின்னேரம் டச்சுக் குடா கடற்கரைக்குப் போனால் ஈரமணலைக் கையால் தோண்டி வாளியில் அள்ளித் தூக்கட்டும். அது சும்மா விளையாட்டுத்தான், ஆனால் தோள், மணிக்கட்டு, விரல் எல்லாம் அதில் வேலை செய்யும்.

முன்பு நன்றாகச் செய்ததை இப்போது செய்யமுடியாமல் போனாலோ, ஒரு கை மட்டும் பலமிழந்து தெரிந்தாலோ இதெல்லாம் செய்துகொண்டிருக்க வேண்டாம், உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.

தம்பலகாமம், தரம் 1 ஆசிரியை: சில பிள்ளைகள் நாலு விரலால் பென்சில் பிடிக்கிறார்கள். மூன்று விரலுக்கு மாத்தவேணுமா?

எழுத்து வாசிக்கக்கூடியதாக இருந்து, வகுப்போடு சேர்ந்து எழுதி, நோவும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். பென்சிலை மூன்று விரலுக்குப் பதிலாக நான்கு விரல் தாங்கினாலும் அது நல்ல பிடிதான். முட்டியாகப் பொத்திப் பிடிக்கிற பிள்ளைக்குத்தான் உதவி தேவை, அதையும் தரம் 1இலேயே தொடங்குவது நல்லது. ஏழு எட்டு வயதில் பழகிப்போன பிடியை மாற்றுவது சிரமம்.

கிண்ணியாவிலிருந்து ஓர் உம்மா: மகள் நொட்டாங்கையால எழுதுறா. மாமி ‘சோத்துக் கையால எழுதப் பழக்கு’ என்று பென்சிலைப் பறிச்சு மற்றக் கையில வைக்கிறா.

மாமியோடு சண்டைக்குப் போகாமல் இரண்டையும் பிரித்துச் சொல்லிப் பாருங்கள். வலக்கையால் சாப்பிடுவது உங்கள் வீட்டு ஒழுக்கம், அதைப் பொறுமையாகப் பழக்கலாம், இடக்கைப் பிள்ளைகள் நிறையப்பேர் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள். எழுத்து அப்படியல்ல. மிக நுணுக்கமான வேலைக்கு மூளை தேர்ந்தெடுத்துக்கொண்ட கை அது. மாற்றப் போனால் எழுத்து மெதுவாகும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடமே பிடிக்காமல் போகும்.

அவவுக்கு வேண்டியது வேறு சில. தமிழ் இடமிருந்து வலம் போவதால் இடக்கை எழுதினதன் மேலேயே உராய்ந்து போகும். அதைத் தவிர்க்கத்தான் மணிக்கட்டை மேலால் வளைத்து எழுதுவார்கள், பிறகு நோகும். கொப்பியை உடம்பின் நடுவிலிருந்து கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி, இடது மேல் மூலை உயரவும் வலது மேல் மூலை தாழவும் சாய்த்து வையுங்கள். பென்சிலைக் கூரிலிருந்து ஓர் அங்குலத்துக்கு மேலே பிடிக்கட்டும், அப்போது எழுதுவது கண்ணுக்குத் தெரியும். வாங்கில் இடது ஓரத்தில் இருத்தச் சொல்லி ரீச்சரிடம் கேளுங்கள். இல்லாவிட்டால் பக்கத்துப் பிள்ளையோடு முழங்கை இடித்துத் தினமும் ஒரு வழக்கு. கத்தரிக்கோலும் இடக்கைக்கென்று வேறாக இருக்கிறது. சாதாரணக் கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்தால் அலகு வெட்டவேண்டிய கோட்டை மறைத்துவிடும்.

நிலாவெளி, கடற்றொழில் செய்யும் தந்தை: மகன் தரம் 1. கோயில்ல தவில் அடிச்சா காதைப் பொத்திக்கொண்டு ஓடுறான். யூனிபோம் கொலர் குத்துது என்கிறான். முடி வெட்டப் போனா ஊரே கூடுது. அடிச்சா சரிவருமா?

வராது ஐயா. பயம் இரண்டாகும், அவ்வளவுதான். சில பிள்ளைகளுக்குச் சத்தமும் தொடுகையும் எங்களுக்குத் தெரிவதைவிடப் பலமடங்கு கூர்மையாகத் தெரியும். வேணுமென்று செய்வதில்லை.

திருவிழாவுக்குக் கூட்டிப்போக முன்னமே ‘தவில் அடிப்பார்கள், வெடி போடுவார்கள், நாங்கள் வெளிமதில் பக்கம் நிற்போம், நீ சொன்னால் திரும்பி வருவோம்’ என்று சொல்லுங்கள். சொன்னபடி திரும்பியும் வாருங்கள். அந்த நம்பிக்கை இருந்தால்தான் அடுத்தமுறை இன்னும் கொஞ்சம் கிட்டப் போவான். காதுமூடி இருந்தால் மாட்டிவிடலாம், ஆனால் நாள்முழுக்க வேண்டாம், பிறகு சின்னச் சத்தமும் பெரிதாகிவிடும்.

புது யூனிபோமை இரண்டு மூன்று தரம் தோய்த்து மெதுவாக்குங்கள், கழுத்து லேபலைத் தையலோடு பிரித்தெடுங்கள், உள்ளே பழைய பனியன். முடி வெட்ட முதல் உச்சந்தலையிலும் தோளிலும் உங்கள் உள்ளங்கையால் ஆறுதலாக, அழுத்தமாக அமத்திவிடுங்கள். மெல்லத் தடவுவதுதான் இப்படியான பிள்ளைகளுக்குக் கூசும், அழுத்தம் அடக்கும். மெசினை விட்டுக் கத்தரிக்கோல், உங்கள் மடியில், சனமில்லாத நேரத்தில். ‘பத்து எண்ணும்வரை வெட்டுவார், பிறகு நிற்பாட்டுவார்’ என்று முடிவைக் காட்டினால் தாங்குவான்.

இதோடு பேச்சும் பிந்தியிருந்தால், பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாவிட்டால், மற்றப் பிள்ளைகளோடு சேராவிட்டால் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போங்கள். கிளினிக்கில் தந்த பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டையும் கொண்டுபோங்கள்.

மூதூர், தரம் 3 பிள்ளையின் தாய்: சப்பாத்து லேஸ் கட்டத் தெரியாது, பொத்தான் மாறிப் போடுறான், சும்மா நடந்தாலும் விழுறான். கணக்கில கெட்டிக்காரன். விளங்குதில்ல.

கெட்டிக்காரத்தனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உடம்பை ஒழுங்குபடுத்தி இயக்குவதில் சிக்கல் உள்ள பிள்ளைகள் 100க்கு 5, 6 பேர் இருக்கிறார்கள். அதாவது ஒரு பெரிய வகுப்பில் ஒருவரோ இருவரோ.

லேஸைக் கடைசியிலிருந்து பழக்குங்கள். முழுவதையும் நீங்கள் கட்டி, இறுக்கி இழுக்கும் கடைசி இழுப்பை மட்டும் அவனிடம் விடுங்கள். முடித்தது அவன்தான். அது கைவந்தபின் இரண்டாவது வளையத்தை உள்ளே நுழைப்பதையும் அவனிடம் கொடுங்கள், அப்படியே பின்னோக்கிப் போங்கள். எதிரே இருக்காமல் பக்கத்தில் இருந்து காட்டுங்கள், எதிரே இருந்தால் இடம் வலம் மாறித் தெரியும். இரண்டு நிற லேஸ் என்றால் எது எதற்கு மேலே போகுது என்று விளங்கும். காலையில் வான் வாசலில் ஹோர்ன் அடிக்கும்போது பழக்காதீர்கள். சனிக்கிழமை செய்யுங்கள். அதுவரை ஒட்டுற சப்பாத்துப் போட்டால் ஒரு குறையும் இல்லை.

பையையும் ஒருதரம் நிறுத்துப் பாருங்கள். உடல் நிறையில் பத்திலொன்றுக்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது. 25 கிலோ பிள்ளைக்கு இரண்டரைக் கிலோ. ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலே ஒரு கிலோ.

சாம்பல்தீவு, ஓர் அம்மம்மா: பேரன் எழுத்தைக் கண்ணாடியில பாக்கிற மாதிரிப் புரட்டி எழுதுறான்.

வயது ஆறுதானே அம்மா? ஏழு வயதுவரை அது சாதாரணம். சுளகில் அரிசி பரப்பி விரலால் எழுத விடுங்கள். ஏடு தொடக்கிய அன்றைக்குச் செய்ததை ஒரு நாளோடு நிறுத்தியிருப்பீர்கள். ட, ப போல நேர்கோட்டு எழுத்து முதலில், இ, ண போல சுழி உள்ளவை பிறகு.

நகரப் பாடசாலை ஆசிரியர்: வகுப்பில் ஒருவன் இருக்கவே மாட்டான். மற்றவர்களையும் குழப்புகிறான்.

கதிரையின் முன்கால் இரண்டுக்கும் குறுக்கே பழைய சைக்கிள் ரியூப் துண்டொன்றைக் கட்டிவிடுங்கள். காலால் அதைத் தள்ளிக்கொண்டே பாடம் கேட்பான், சத்தமும் வராது. கொப்பிகளை அடுக்கித் தூக்கிக் கொண்டுபோகும் வேலை, கரும்பலகை துடைக்கும் வேலை எல்லாம் அவனுக்கே கொடுங்கள். தண்டனையாக இடைவேளையை மட்டும் வெட்டாதீர்கள். அவனுக்குத்தான் அந்த ஓட்டம் மற்றவர்களைவிட அதிகம் தேவை.

அலஸ்தோட்டம், தரம் 4 பிள்ளையின் தந்தை: கரும்பலகையைப் பாத்து எழுத நேரம் எடுக்குது. அடுத்த வருசம் புலமைப்பரிசில் வேற.

முதலில் கண். பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்கு நடக்கும், அதில் பார்வையும் பார்ப்பார்கள். அன்றைக்குப் பிள்ளை வரவில்லையென்றால் நீங்களே கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். கண்ணில் குறையில்லாமல் கைதான் மெதுவென்றால், விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்குப் பரீட்சையில் மேலதிக நேரம் கேட்க வழி இருக்கிறது. வைத்திய அறிக்கை வேண்டும், அதிபர் ஊடாகத்தான் விண்ணப்பிக்கவேண்டும். பரீட்சை நெருங்கும்வரை காத்திராமல் இந்தத் தவணையிலேயே அதிபரைச் சந்தியுங்கள். போகும்போது பிள்ளையின் கொப்பிகள் இரண்டு மூன்றையும் எடுத்துப்போங்கள்: வீட்டில் ஆறுதலாக எழுதியதும், வகுப்பில் அவசரமாக எழுதிப் பாதியில் நின்றதும்.