மனச்சோர்வுக்குப் புகை மருந்தாகுமா?

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். நான் மேலப்பாளையத்தில் பிறந்து வளர்ந்தவன். இப்போது வெளியூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். வாப்பா மவுத்தான (இறந்த) பிறகு எனக்கு மனச்சோர்வு ஏற்பட்டது. மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை இரண்டு வாரம் சாப்பிட்டேன்; தூக்கம் மட்டுமே வந்தது. பழகிவிட்டால் விடவே முடியாது என்று நண்பர் ஒருவர் சொன்னதால் நிறுத்திவிட்டேன். சிகரெட் மட்டும்தான் எனக்குக் கொஞ்சமாவது ஆறுதல் தருகிறது. காலையில் அது இல்லாமல் கடைக்குக் கிளம்பவே மனம் வருவதில்லை. எங்கள் பள்ளிவாசல் இமாம், புகைப்பது ஹராம் (மார்க்கத்தில் தடுக்கப்பட்டது) என்று பயான் (சொற்பொழிவு) செய்ததிலிருந்து, வாயில் வாடையோடும் மனதில் குற்ற உணர்வோடும் ஜமாஅத்துக்கு (கூட்டுத் தொழுகைக்கு) போகக் கூசி, வீட்டிலேயே தொழுகிறேன். சில வேளை அதுவும் தவறிவிடுகிறது. குர்ஆனில் புகையிலையைப் பற்றி ஒன்றும் இல்லையே? நோய்க்கு மருந்து போல எண்ணிப் புகைத்தால், வேறு வழியில்லாதவருக்குத் தடுக்கப்பட்டதும் ஆகுமாகும் என்கிற நிர்ப்பந்தம் என்ற சலுகை எனக்குக் கிடைக்காதா? என் ஈமான் (இறைநம்பிக்கை) பலவீனமாக இருப்பதால்தான் இந்த நோயே வந்தது என்கிறார்கள். அது உண்மையா? உம்மா பீடி சுற்றித்தான் என்னைப் படிக்க வைத்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: வ அலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு விடை தெளிவாகாமல் மற்றவை எதுவும் உங்கள் மனதில் ஏறாது. மனச்சோர்வு ஈமானின் பலவீனம் அல்ல. மகனைப் பிரிந்த துக்கத்தில் யஃகூப் நபியின் கண்கள் வெளுத்துப் போயின என்று குர்ஆன் (12:84) சொல்கிறது. "என் துயரத்தையும் கவலையையும் அல்லாஹ்விடமே முறையிடுகிறேன்" என்று அவர் சொன்னது (12:86) ஒரு நபியின் வாக்கு. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர் உடல் நலத்தையும் உள நலத்தையும் சேர்த்து ஒரே நூலில் எழுதினார். காரணம் தெரிந்த துக்கம் வேறு, காரணம் புலப்படாமல் உடலிலிருந்தே எழும் துக்கம் வேறு என்று பிரித்து, இரண்டாவதற்கு மருத்துவத்தை நாட வேண்டும் என்று அப்போதே சொன்னவர் அவர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் அறிஞர்களுக்குப் புரிந்த ஒன்றை, இன்று ஒரு நோயாளியின் முகத்துக்கு நேரே ஈமானைக் குறை சொல்லி மறுப்பது வேதனை தருகிறது. அப்படிச் சொன்னவர்களை நீங்கள் மன்னித்துவிடலாம். ஆனால் நம்ப வேண்டியதில்லை.

அடுத்தது, சிகரெட் தரும் ஆறுதல். அது வெறும் கற்பனை என்று நான் சொல்ல மாட்டேன். இழுத்த புகையிலுள்ள நிகோடின் சில நொடிகளில் மூளையை எட்டி, டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்க வைக்கிறது. அதனால் மனம் சற்று லேசாவதும் கவனம் கூடுவதும் உண்மையே. ஆனால் உடலில் நிகோடினின் அளவு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடுகிறது. குறையக் குறைய எரிச்சலும் பதற்றமும் சோர்வும் தலைதூக்குகின்றன. இரவு முழுவதும் புகைக்காமல் தூங்கி எழும் உங்களுக்குக் காலையில் கிளம்ப மனம் வராததில் ஒரு பங்கு நோயினுடையது. இன்னொரு பங்கு அந்த நிகோடின் இறக்கத்தினுடையது. முதல் சிகரெட் இந்த இரண்டாம் பங்கைத்தான் தணிக்கிறது. இரண்டும் உள்ளே ஒரே மாதிரி உணரப்படுவதால், நோயையே தணித்துவிட்டதாகத் தோன்றுகிறது. அதாவது, முந்தைய சிகரெட் விட்டுச்சென்ற குறையை அடுத்த சிகரெட் நிரப்புகிறது. வாப்பாவின் இழப்போடு வந்த சோர்வு அப்படியே அடியில் கிடக்கிறது.

இது வெறும் ஊகமன்று. புகைப்பதை நிறுத்தியவர்களையும் தொடர்ந்தவர்களையும் ஒப்பிட்ட 26 ஆய்வுகளைத் தொகுத்து, 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வெளிவந்தது. நிறுத்தியவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் மன அழுத்தமும் குறைந்திருந்தன. மனநோய் உள்ளவர்களிடமும் அப்படியே இருந்தது. அந்த முன்னேற்றம் மனச்சோர்வு மாத்திரைகள் தரும் பலனுக்குக் குறையாததாகவும் இருந்தது. நிறுத்தியதும் முதல் சில நாட்களில் மனம் மேலும் தாழும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஓரிரு நாளில் தொடங்கி, முதல் வாரத்தில் உச்சம் தொட்டு, பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களில் அது தணிகிறது. இந்த இடைவெளியைத் தாண்ட முடியாமல்தான் பலர், "எனக்குச் சிகரெட் இல்லாமல் முடியாது" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

இப்போது மார்க்கத்தின் தராசுக்கு வருவோம். குர்ஆனில் புகையிலை இல்லை என்பது சரி. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து முஸ்லிம் நாடுகளுக்கு வந்து சேர்ந்ததே பதினாறாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித்தான். வந்த நாள் முதலே கருத்து வேறுபாடும் இருந்தது. உஸ்மானிய (ஒட்டோமான்) சுல்தான் நான்காம் முராத் 1633இல் அதைத் தடைசெய்து கடும் தண்டனை விதித்தார். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் டமாஸ்கஸ் அறிஞர் அப்துல் கனீ அந்நாபுலுஸீ அது ஆகுமானதே என்று நூல் எழுதினார். மக்ரூஹ் (வெறுக்கத்தக்கது) என்று நின்றவர்களும் ஏராளம். தீங்கு நிச்சயமாகத் தெரியாத ஒரு பொருளைத் துணிந்து ஹராம் என்று சொல்லிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை அவர்களிடம் இருந்தது; அது போற்றத்தக்க எச்சரிக்கை. ஆனால் 1950இல் நுரையீரல் புற்றுநோய்க்கும் புகைக்கும் உள்ள தொடர்பு வெளியானதும், 1964இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை வந்ததும் நிலைமையை மாற்றிவிட்டன. புகையிலை இன்று உலகில் ஆண்டுக்கு 70 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் உயிரைப் பறிக்கிறது. "உங்கள் கைகளாலேயே உங்களை அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள்" (2:195), "உங்களை நீங்களே கொன்றுவிடாதீர்கள்" (4:29) ஆகிய வசனங்களையும், தீங்கிழைக்கவும் கூடாது, பதிலுக்குத் தீங்கிழைக்கவும் கூடாது என்ற நபிமொழியையும் முன்வைத்து இக்கால ஆலிம்களில் மிகப் பலர் ஹராம் என்கிறார்கள். இந்தோனேசியாவின் முஹம்மதிய்யா இயக்கம் 2010இல் அவ்வாறே பத்வா (மார்க்கத் தீர்ப்பு) கொடுத்தது. உங்கள் இமாம் சொன்னதற்கு ஆதாரம் உண்டு. எனக்கும் அதுவே சரியான முடிவாகப் படுகிறது.

இருந்தாலும் உங்கள் நிலையில் நீங்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய வசனம் வேறொன்று என்று நினைக்கிறேன். மதுவையும் சூதையும் பற்றிக் கேட்கப்பட்டபோது, அவற்றில் பெரும் பாவமும் மனிதர்களுக்குச் சில பலன்களும் இருக்கின்றன, பலனைவிடப் பாவமே பெரிது என்று குர்ஆன் (2:219) விடை சொன்னது. தீயதில் பலனே இல்லை என்று அது சொல்லவில்லை; பலனை ஒப்புக்கொண்ட பிறகே எடை போட்டது. மது போதைப்பொருள், புகையிலை அந்த வகையன்று என்பதால் இரண்டுக்கும் ஒரே சட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. எடை போடும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் ஓரிரு மணி நேரம் நிற்கும் ஆறுதல்; மறு தட்டில் நெஞ்சும் இதயமும் சம்பளமும், ஆற வேண்டிய நோய் ஆறாமல் நீள்வதும்.

நிர்ப்பந்தம் என்ற சலுகைக்கு (2:173) நிபந்தனைகள் உண்டு. வேறு வழி இல்லாதிருக்க வேண்டும். நாடுகிற பொருள் உண்மையிலேயே அந்த இடரைப் போக்க வேண்டும். உங்கள் நிலையில் இரண்டும் பொருந்தவில்லை. வழிகள் பல உள்ளன. புகையோ நோயைப் போக்குவதில்லை. "அல்லாஹ் எந்த நோயையும் அதற்கான நிவாரணத்தை இறக்காமல் இறக்கவில்லை" என்ற நபிமொழி புகாரியில் இருக்கிறது. அந்த நிவாரணத்தைத் தேடுவதுதான் உங்கள் கடமையாகி நிற்கிறது. அந்த வகையில், பாதியில் நிறுத்திய மாத்திரை எனக்குச் சிகரெட்டைவிடக் கவலை தருகிறது. மனச்சோர்வு மாத்திரைகள் பலன் காட்டத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகலாம். முழுப் பலன் தெரிய இன்னும் சில வாரங்கள் பிடிக்கும். தூக்கம் போன்ற தொல்லைகள் முதலில் வருவதும் பிறகு குறைவதும் வழக்கம். குறையாவிட்டால் மருத்துவர் மாத்திரையை மாற்றித் தருவார். புகையிலை போல ஏங்க வைக்கும் அடிமைத்தனம் இவற்றில் இல்லை. ஆனால் தாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது.

மருத்துவரிடம் திரும்பிப் போகும்போது நீங்கள் புகைப்பதையும் நிறுத்த எண்ணுவதையும் சேர்த்துச் சொல்லுங்கள். புப்ரோபியான் என்ற மருந்து மனச்சோர்வுக்கும் புகையை நிறுத்துவதற்கும் பயன்படுவது. உங்களுக்குப் பொருந்துமா என்று அவர் பார்ப்பார். வாரெனிக்ளின் என்ற மருந்தும் நிகோடின் ஒட்டும் பட்டையும் சூயிங்கமும் இருக்கின்றன. புகையிலுள்ள சில பொருட்கள் ஈரலைத் தூண்டி, சில மனநல மருந்துகளை வேகமாகக் கரைக்கின்றன. ஓலன்சபின், குளோசபின், டுலோக்செடின் போன்றவை அந்த வகை. ஆகவே புகையை நிறுத்தும்போது இரத்தத்தில் அவற்றின் அளவு உயரும்; மருந்தளவைத் திருத்த வேண்டிவரும். இமாமின் பயானைக் கேட்ட இரவிலேயே எல்லாவற்றையும் தூக்கியெறிந்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போராட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொழுகையை மட்டும் விட்டுவிடாதீர்கள். பச்சைப் பூண்டு சாப்பிட்டவர் பள்ளிவாசலுக்கு வர வேண்டாம் என்ற நபிமொழி, வாடையால் பிறருக்கு ஏற்படும் தொல்லையைக் கருதிச் சொல்லப்பட்டது; பாவி உள்ளே நுழையக் கூடாது என்று எங்கும் சொல்லப்படவில்லை. மிஸ்வாக்கோ பிரஷோ கொண்டு நன்றாகப் பல் துலக்கி, ஒளூ (தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவுதல்) செய்து, சட்டையை மாற்றிக்கொண்டு போங்கள். தனிமை மனச்சோர்வை வளர்க்கும். தோளோடு தோள் நிற்கும் ஸஃப்பை (தொழுகை வரிசையை) இழப்பது உங்களுக்கு மருத்துவ ரீதியாகவும் நஷ்டம்.

உம்மாவைப் பற்றி நீங்கள் எழுதிய வரியைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. மடியில் சுளகை வைத்து, இலையை அளவாக வெட்டி, தூளை நிரப்பிச் சுருட்டி நூல் கட்டி, எண்ணிக் கட்டுப் போட்டு ஒப்படைக்கும் அந்த வேலை எத்தனை வீடுகளில் அடுப்பை எரிய வைத்தது என்று மேலப்பாளையத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும். வேறு வேலைக்கு வழியில்லாத காலத்தில் பிள்ளையைப் படிக்க வைத்த கைகளை யாரும் குறை சொல்லிவிட முடியாது. அந்தத் தூசியால் அவருக்கு இருமலோ மூச்சிரைப்போ இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேள்வி: என் மகன் கல்லூரியில் படிக்கிறான். மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுகிறான், புகைக்கவும் செய்கிறான். ரமழானில் ஒரு நோன்பையும் விடுவதில்லை. ஆனால் நோன்பு திறந்து, வாயில் பேரீச்சம்பழம் இருக்கும்போதே தெருவுக்குப் போய்விடுகிறான். அவன் வாப்பா திட்டினால் இரண்டு நாள் யாரோடும் பேசுவதில்லை. நான் என்ன செய்வது? (ஒரு தாய், காயல்பட்டினம்)

பதில்: சகோதரி, பகல் முழுவதும் புகையைத் தொடாமல் இருக்கும் பிள்ளைக்கு அந்த வலிமை ஏற்கெனவே இருக்கிறது. அதை அவனிடம் எடுத்துச் சொல்லுங்கள். இதுவரை அவன் கேட்டதெல்லாம் திட்டாகத்தான் இருந்திருக்கும். ரமழான் வருவதற்கு முன்பே மருத்துவரிடம் பேசி, நிகோடின் பட்டையோடு நோன்பு மாதத்தைத் தொடங்கலாம். தோலின் துவாரங்கள் வழியே உள்ளே செல்வது நோன்பை முறிக்காது என்பது உங்கள் ஊர் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபின் (மார்க்கச் சட்டப் பிரிவின்) நிலை. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவையும் 1997இல், தோலில் ஒட்டும் மருந்துப் பட்டைகள் நோன்பை முறிப்பதில்லை என்று முடிவு செய்தது. சூயிங்கம் அப்படியல்ல, நோன்பு திறந்த பிறகுதான். அவன் சாப்பிடும் மாத்திரைகளை சஹருக்கும் (விடியலுக்கு முன் உண்ணும் வேளை) இப்தாருக்கும் (நோன்பு திறக்கும் வேளை) எப்படி மாற்றிப் பிரிப்பது என்பதையும் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். சில மருந்துகளுக்கு நோன்பு ஏற்காது என்று அவர் சொன்னால் நோயாளிக்கான சலுகை (2:184) அவனுக்கும் உண்டு.

வாப்பாவைத் தனியாக அழைத்து, நிறுத்திய முதல் வாரங்களில் எரிச்சலும் அழுகையும் வரும், அது திமிர் அல்ல என்று சொல்லி வையுங்கள். அந்த நாட்களில் அவன் அறைக்கதவு நெடுநேரம் சாத்தியிருந்தாலோ, வாழ்ந்து என்ன பயன் என்பது போலப் பேசினாலோ, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. மனம் திறக்க வழி கிடைக்கும். ஆம் என்றால் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். புகையிலையை நிறுத்த உதவும் தேசிய எண் 1800 11 2356. முதல் அழைப்பை அவன் கூச்சப்பட்டுத் தள்ளிப்போட்டால், நீங்களே அழைத்து விவரம் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.