வலிக்கவே இல்லையே, இதற்கு ஏன் டாக்டர்?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. கைலி நெய்கிறார். சுகர், பிரஷர் இரண்டும் உண்டு, பீடியும் விடவில்லை. முந்தாநாள் காலையில் தறியில் உட்கார்ந்திருந்தபோது வலது கண்ணில் கறுப்புத் திரை இறங்கி, பத்து நிமிடம் ஒன்றுமே தெரியவில்லையாம். வலி இல்லை. அப்புறம் தானாகவே சரியாகிவிட்டது. "உடம்புச் சூடு, எண்ணெய் தேய்த்துக் குளித்தால் போகும்" என்கிறார். கண்ணாடிக் கடையில் ஒருமுறை காட்டினால் போதுமா டாக்டர்?
- வாசகி, குடியாத்தம்

பதில்: போதாது. மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம், முதலில் அப்பாவை இன்றைக்கே கிளப்புங்கள். பார்வை திரும்பிவிட்டதே என்று நிம்மதியாக இருக்கிறீர்கள், எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

கழுத்தில் மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்திருந்தால், அதிலிருந்து ஒரு துணுக்கு உடைந்து கண்ணின் ரத்தக்குழாய்க்குள் போய் அடைத்துக்கொள்ளும். இதயத்திலிருந்தும் ரத்தக்கட்டி வரலாம். அது கரைந்தோ நகர்ந்தோ போனால் பார்வை திரும்பிவிடும், அப்பாவுக்கு நடந்தது அநேகமாக இதுதான். அங்கேயே நின்றுவிட்டால் சில மணி நேரத்துக்குள் விழித்திரை செத்துவிடும், அதற்குப் பிறகு யாராலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அடுத்த துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம். அந்த ஆபத்து முதல் சில நாட்களில்தான் அதிகம் என்பதால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன்.

ஆகவே கண்ணை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். ஈ.சி.ஜி., எக்கோ (இதய ஸ்கேன்), கழுத்து ரத்தக்குழாய்க்கு டாப்ளர் ஸ்கேன், மூளை ஸ்கேன், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்க்க வேண்டும். அதனால் எல்லாப் பிரிவும் உள்ள பெரிய மருத்துவமனைக்கே போங்கள், உங்களுக்கு வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை எட்டும் தூரம்தான். வாய் கோணினாலோ, கை கால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, கண் மறுபடி இருண்டாலோ பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தம் கரைக்கும் மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம், வழக்கமான பிரஷர், சுகர் மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். பீடியை இன்றோடு விடச் சொல்லுங்கள்.

டாக்டர் சில கேள்விகள் கேட்பார், போகும் வழியிலேயே அப்பாவிடம் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். உண்மையிலேயே ஒரு கண்ணா, இல்லை இரண்டு கண்ணிலும் வலப்பக்கம் மட்டும் மறைந்ததா? மூளையில் கோளாறு என்றால் இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் மறையும், ஆனால் நம் ஆட்கள் "வலது கண் போச்சு" என்றுதான் சொல்வார்கள். அந்த நேரத்தில் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். இன்னொன்று, நெற்றிப்பொட்டில் புதிதாகத் தலைவலி, சீப்பு பட்டால் வலி, சோறு மெல்லும்போது தாடை அசதி, இதில் எதாவது இருக்கிறதா? நம் ஊரில் அபூர்வம்தான், ஆனாலும் 50 வயதுக்கு மேல் ரத்தக்குழாய் அழற்சி ஒன்று வரும், சரியான நேரத்தில் ஸ்டீராய்டு கொடுக்காவிட்டால் சில நாட்களிலேயே மற்றக் கண்ணும் போய்விடும். சந்தேகம் இருந்தால் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள்.

கண்ணில் டார்ச்சை மாற்றி மாற்றி அடித்துக் கண் பாப்பா சுருங்குகிறதா என்று பார்ப்பார்கள். எளிய சோதனைதான், ஆனால் விழித்திரையோ பார்வை நரம்போ பெரிதாகக் கெட்டிருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். பிறகு சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்ப்பார்கள், சில மணி நேரம் மங்கலாக இருக்கும், அப்பாவை வண்டி ஓட்ட விடாதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் செய்து ஒரு வருடம் ஆகிறது. ஒரு வாரமாக அந்தக் கண்ணில் மின்னல் வெட்டுகிறது, கொசு பறக்கிற மாதிரி இருக்கிறது என்கிறார். நேற்றிலிருந்து கீழே ஒரு நிழல். ஆபரேஷன் செய்த இடத்தில் அடுத்த மாதம்தான் தேதி.
- வாசகர், ஆரணி

பதில்: தேதிக்குக் காத்திருக்காதீர்கள். மின்னல், கொசு, நிழல் என்று வரிசையாக வந்தால் விழித்திரை கிழிந்து கழன்றுகொண்டிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். நடுப்பார்வைப் பகுதி கழல்வதற்குள் ஆபரேஷன் செய்தால் நல்ல பார்வையைக் காப்பாற்றலாம், கழன்ற பிறகு அந்த அளவுக்கு வராது. சுகர் இருந்தால் உள்ளே ரத்தம் கசிந்தும் இப்படித் தெரியலாம், ரத்தம் மறைத்தால் பி-ஸ்கேன் (கண்ணுக்கான அல்ட்ராசவுண்ட்) எடுத்துப் பார்ப்பார்கள். ஆரணி ரோட்டிலேயே வந்தால் வேலூரில் சி.எம்.சி.யின் ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது. வேறு இடம் என்றாலும் சரி, விழித்திரை டாக்டர் இருக்கிறாரா என்று போனில் கேட்டுவிட்டு இன்றே புறப்படுங்கள்.

கேள்வி: பெரியம்மாவுக்கு ராத்திரி கடும் தலைவலி, வாந்தி. பித்தம் என்று ஊசி போட்டார்கள். காலையில் இடது கண் சிவந்து பார்வை மங்கிவிட்டது, பல்பைச் சுற்றி வானவில் தெரிகிறதாம்.
- வாசகி, ஆம்பூர்

பதில்: பித்தம் இல்லை, கண்ணின் அழுத்தம் எகிறியிருக்கிறது. சாதாரணமாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இருக்க வேண்டியது இதில் 40-ஐயும் தாண்டும், அப்படியே விட்டால் நரம்பு கெட்டுவிடும். உடனே கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மருந்தால் அழுத்தத்தை இறக்கிவிட்டு லேசரில் சிறு துளை போடுவார்கள், மற்றக் கண்ணுக்கும் போட வேண்டும் என்பார்கள், அந்தக் கண் நன்றாகத்தானே இருக்கிறது என்று மறுக்க வேண்டாம்.