மெயின் ரோட்டில் சைக்கிளுக்கு என்ன வேலையா?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 46 வயது. சென்னையில் ஓ.எம்.ஆர். பக்கம் பிளம்பர் வேலை செய்கிறேன். போக வர சைக்கிள்தான். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை டூல் பையோடு சாலையின் இடது ஓரமாகப் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு கார் விடாமல் ஹாரன் அடித்தது. ஓரத்தில் பள்ளம் தோண்டித் தடுப்பு வைத்திருந்ததால் ஒதுங்க இடமில்லை. கார் உரசிக்கொண்டே முந்தியது. அதன் கண்ணாடி ஹேண்டில்பாரில் பட்டு விழுந்தேன். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. அந்த ஆள் இறங்கி வந்து, "மெயின் ரோட்டுல சைக்கிளுக்கு என்ன வேலை? ரோடு டாக்ஸ் கட்டறியா?" என்று அசிங்கமாகத் திட்டிவிட்டுப் போய்விட்டார். கார் நம்பரைக் குறித்து வைத்திருக்கிறேன். ஓர் ஆட்டோக்காரர்தான் என்னை ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார். ஆக்சிடென்ட் என்றால் போலீஸ் கேஸாகும், கட்டுப் போட நேரமாகும் என்று அங்கே ஒருவர் சொன்னதால், "நானே விழுந்துட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அப்புறம் ஸ்டேஷனுக்குப் போனால், "லைசென்ஸ் இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, ஹெல்மெட் இல்லை, கேஸ் நிற்காது" என்று சொல்லி, புகார் வாங்கியதற்கான ரசீதான சி.எஸ்.ஆர். மட்டும் கொடுத்தார்கள். கார்க்காரர் தரப்பில் 5,000 ரூபாய் தருகிறோம், ஒரு பேப்பரில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். வாங்கலாமா? இன்னொன்று, மகளுக்கு பேட்டரி சைக்கிள் வாங்க நினைக்கிறேன். ஆர்.டி.ஓ. பதிவு தேவையா?

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். அந்தப் பேப்பரில் பெரும்பாலும் "இனி எந்த நடவடிக்கையும் எடுக்க மாட்டேன்" என்று ஒரு வரி இருக்கும். நாளைக்கு நீங்கள் நஷ்டஈடு கேட்டுப் போனால் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதலில் எடுத்துக் காட்டுவது அதைத்தான்.

ஸ்டேஷனில் சொன்ன மூன்று "இல்லை"களைப் பார்ப்போம். மோட்டார் வாகனச் சட்டம், 1988 லைசென்ஸும் இன்சூரன்ஸும் கேட்பது மோட்டார் வாகனத்துக்கு. காலால் மிதிக்கிற சைக்கிள் அந்தச் சட்டத்தின் பொருளில் மோட்டார் வாகனமே அல்ல. ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கும் 129ஆவது பிரிவும் மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்குத்தான். போட்டுக்கொண்டால் தலைக்கு நல்லது, அது வேறு விஷயம். உங்களுக்கு அடிபட்டது மணிக்கட்டில். ஹெல்மெட் இருந்திருந்தாலும் அது முறிந்துதான் இருக்கும். 2020இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. ஒரே மோட்டார் சைக்கிளில் மூன்று பேர் போனது விதிமீறல்தான், ஆனால் அந்த மீறலுக்கும் விபத்துக்கும் அல்லது காயத்துக்கும் தொடர்பு இருப்பதாகக் காட்டாமல் அதை வைத்து நஷ்டஈட்டைக் குறைக்க முடியாது என்பது தீர்ப்பு. விதியை மீறியவருக்கே அப்படி என்றால், எந்த விதியையும் மீறாத உங்களிடம் ஹெல்மெட் கேட்பது சட்டப்படி ஒன்றுமில்லை.

இன்சூரன்ஸ் விஷயத்தில் ஸ்டேஷனில் சொன்னது நேர் தலைகீழ். கார் வைத்திருக்கிறவர் மூன்றாம் நபர் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்று 146ஆவது பிரிவு சொல்வதே உங்களைப் போன்ற ஆளுக்காகத்தான். அந்த மூன்றாம் நபர் நீங்கள்தான். கார் நம்பர் இருந்தால் எந்தக் கம்பெனியில் இன்சூரன்ஸ் என்பதை மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்த்துவிடலாம்.

ரோடு டாக்ஸ் கேள்விக்கு அந்தக் கார்க்காரருக்கு நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனத்துக்கு மாநில அரசு போடும் வரி அது. சாலையில் கால் வைப்பதற்கான டிக்கெட் அல்ல. அப்படிப் பார்த்தால் நடந்து போகிறவர், தள்ளுவண்டிக்காரர் எல்லாரும் வீட்டிலேயே உட்கார வேண்டியதுதான். இதே அரசுதான் பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கிறது. ஷோகேஸில் வைத்து அழகு பார்க்கவா?

இந்த மனப்பான்மை புதிதல்ல. டபுள்ஸ் போனதற்கும் ராத்திரியில் டைனமோ லைட் எரியாததற்கும் போலீஸ் சைக்கிளை நிறுத்திக் காற்றைப் பிடுங்கிவிட்ட காலத்தை உங்கள் வயதுக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் ஊரோடும் அது நிற்கவில்லை. 2013இல் கொல்கத்தா போலீஸ் 174 சாலைகளில் சைக்கிளைத் தடை செய்தது. பால்காரர், பேப்பர் போடுகிறவர் எனப் பிழைப்புக்கே சைக்கிளை நம்பியவர்கள் அபராதம் கட்டினார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகு அந்த எண்ணிக்கையை 62ஆகக் குறைத்தார்கள். பெங்களூரு – மைசூரு விரைவுச்சாலையின் பிரதான பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக், ஆட்டோ, சைக்கிள் எதுவும் போகக் கூடாது. ஆக, தடை போடவே முடியாது என்று நான் சொல்லவில்லை. அதிகாரம் உள்ளவர்கள் முறையாக அறிவித்து, பலகை வைத்திருந்தால் அந்தப் பாதையில் நீங்கள் போகக் கூடாது. சில மேம்பாலங்களில் அப்படிப் பலகை இருக்கும், கவனியுங்கள். நீங்கள் விழுந்த இடத்தில் அப்படி ஒன்று இருந்ததாக எழுதவில்லை. பலகை இல்லாத சாலையில் காருக்கு இருக்கிற அதே உரிமை சைக்கிளுக்கும் உண்டு. சொல்லப்போனால் பொறுப்பு கார்க்காரருக்குத்தான் கூடுதல். பாதசாரிகள், சைக்கிளில் போகிறவர்கள், குழந்தைகள், முதியவர்கள் ஆகியோரின் பாதுகாப்பில் ஓட்டுநர் தனிக் கவனம் எடுக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன.

சரி, உங்கள் கேஸில் உண்மையான பலவீனம் எங்கே? ஸ்டேஷனில் இல்லை, மருத்துவமனையில் இருக்கிறது. "நானே விழுந்துட்டேன்" என்று நீங்கள் சொன்னதை அங்கே எழுதியிருப்பார்கள். விபத்துக் காயத்தோடு வருகிறவருக்கு ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் குறிப்பு போடுவார்கள். யார் கொண்டுவந்தது, எப்படி அடிபட்டது என்பதெல்லாம் அதில் வரும். எழுதுகிறவருக்கு, அடுத்த கட்டிலில் இருப்பவரைக் கவனிக்கப் போகும் அவசரம், உங்களுக்கோ வலி. அந்த நேரத்தில் சொல்லும் ஒரு வாக்கியம் ஒரு வருஷம் கழித்து குறுக்கு விசாரணையில் திரும்பி வரும். நான் பார்த்த விபத்து வழக்குகளில் கணிசமானவை சறுக்குவது இந்த ஒரு வரியில்தான்.

இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. அந்த மருத்துவமனையில் ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, பில் எல்லாவற்றையும் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே எழுதியதைத் திருத்தச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதீர்கள், அது இன்னும் கெடுதல். அதற்குப் பதிலாக, எதனால் அப்படிச் சொன்னீர்கள் என்பதை நீங்கள் கொடுக்கப்போகும் புகாரிலேயே உள்ளபடி எழுதிவிடுங்கள். எதிர்த் தரப்பு கண்டுபிடித்துக் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிட்டால் அதன் வேகம் பாதியாகிவிடும். ஆட்டோக்காரரின் போன் நம்பர் இருந்தால் பேசிப் பாருங்கள். உதவி செய்தவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 134ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது, ஆகவே சாட்சி சொல்ல அவரை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அவராக விரும்பி வந்தால் அதைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடையாது.

அடுத்தது எஃப்.ஐ.ஆர். சென்னையில் விபத்து வழக்குகளைப் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு பார்க்கும். நீங்கள் போனது சட்டம் ஒழுங்கு ஸ்டேஷனாக இருந்தால் பாதிச் சிக்கல் அதுதான். புதுப் புகாரில் தேதி, நேரம், இடம், கார் நம்பர், நீங்கள் போன திசை, ஓரத்தில் இருந்த பள்ளம், எந்தப் பக்கக் கண்ணாடி எங்கே பட்டது என எல்லாம் இருக்கட்டும். பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281 (கண்மூடித்தனமாக ஓட்டுதல்), 125(பி) பிரிவுகள் பொருந்தும். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம், அதனால் 125(பி). அதற்கு மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. ஸ்டேஷனில் பதிவு செய்யாவிட்டால் அதே புகாரை, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவின்படி உயர் அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். மூன்று வாரம் தாமதமாகிவிட்டதே என்று கவலைப்படாதீர்கள். எஃப்.ஐ.ஆர். தாமதம் என்பதற்காக மட்டும் நஷ்டஈட்டு மனுவைத் தள்ளக் கூடாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சிசிடிவிதான் அவசரம். கடைகளில் பதிவு சில நாளில் அழிந்துவிடும். எந்தெந்தக் கடையில் கேமரா என்று புகாரிலேயே குறிப்பிட்டு, கைப்பற்றச் சொல்லுங்கள்.

கோபத்தில் "என்னைக் கொல்லத்தான் வந்தான்" என்று எழுதிவிடாதீர்கள். நடந்தது அதுதான் என்றால் எழுதுங்கள், மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் உறுதியில்லாமல் எழுதினால், இது விபத்தே அல்ல, வேண்டுமென்றே செய்த குற்றம், நாங்கள் பணம் தர மாட்டோம் என்று இன்சூரன்ஸ் கம்பெனி வாதாடக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஆகும். திட்டியதைப் பொறுத்தவரை, நம் ஊரில் போலீஸ் வழக்கமாகப் போடுவது ஆபாச வார்த்தைப் பிரிவு, இப்போது நியாய சன்ஹிதாவில் 296(பி). ஒரு தமிழ்நாட்டு வழக்கிலேயே 2022இல் உச்ச நீதிமன்றம் வெறும் வசவு ஆபாசமாகாது என்று சொல்லிவிட்டதால் அதை நம்பி நிற்க முடியாது. சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதிவிட்டு மேலே போங்கள். அடிபட்டவருக்கு மருத்துவ உதவி செய்யாமல் போனார் என்பது அதைவிட கனமான விஷயம். அது ஓட்டுநரின் கடமை என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆவது பிரிவு சொல்கிறது.

நஷ்டஈட்டுக்கு அதே மோட்டார் வாகனச் சட்டத்தில் இரண்டு வழி. 164ஆவது பிரிவில் யார் மேல் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை, கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் என்று தொகை நிலையானது. 166ஆவது பிரிவில் கார்க்காரரின் கவனக்குறைவைக் காட்ட வேண்டும். ஆனால் மருத்துவச் செலவு, வருமான இழப்பு, வலி வேதனை, எதிர்காலப் பாதிப்பு எல்லாம் கணக்கில் வரும். நிரூபணமும் கிரிமினல் வழக்கு அளவுக்கு வேண்டாம், எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதே அளவுகோல். ஒன்று கவனம்: 164இன் தொகையை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சமரசமாக ஏற்றுக்கொண்டால், விபத்து நஷ்டஈட்டு வழக்குகளைப் பார்க்கும் தீர்ப்பாயத்தில் உங்கள் மனு காலாவதியாகிவிடும். எனவே கை எவ்வளவு தேறுகிறது என்று தெரியும் முன் எதையும் ஏற்காதீர்கள். பிளம்பருக்கு வலது மணிக்கட்டுதான் பிழைப்பு. உடல் ஊன சதவீதமும் சம்பாத்தியம் குறைந்த சதவீதமும் ஒன்றல்ல என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலையான கருத்து. ரெஞ்சு பிடித்துத் திருப்ப முடியாவிட்டால், மருத்துவக் குழு 15 சதவீதம் என்று எழுதினாலும் தொழில் இழப்பு அதைவிட அதிகம் என்று வாதாடலாம். 46 வயதுக்கு, ஓராண்டு வருமான இழப்பை எத்தனையால் பெருக்குவது என்ற எண் 13. சம்பளச் சீட்டு இல்லையே என்றால் ஜி-பே வரவு, பாஸ்புக், வேலை கொடுத்த வீட்டுக்காரர்கள் இரண்டு மூன்று பேரின் வாக்குமூலம் போதும்.

மனுவை விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்பது சட்டத்தில் இப்போது இருக்கும் வரி. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு இருந்தாலும் அதை நம்பி உட்கார வேண்டாம். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் இதற்கான தீர்ப்பாயங்கள் இருக்கின்றன. ஆஸ்பத்திரி வாசலில் வந்து "ஜெயித்தால் இத்தனை சதவீதம்" என்று பேரம் பேசுகிறவர்களை நம்பாதீர்கள். வெற்றியில் பங்கு என்று வக்கீல் கட்டணம் வாங்குவது பார் கவுன்சில் விதிப்படி தவறு. பணம் கஷ்டம் என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

எதிர்த்திசையில் போவது பற்றி ஒரு வார்த்தை, உங்களுக்கில்லை, இதைப் படிக்கிற மற்ற சைக்கிள்காரர்களுக்கு. யு-டர்ன் தூரம் என்று ராங் சைடில் வந்து அடிபட்டால் தீர்ப்பாயம் உங்கள் பங்குத் தவறு என்று ஒரு பகுதியைக் கழிக்கும். நியாய சன்ஹிதாவின் 281ஆவது பிரிவு சைக்கிளில் கண்மூடித்தனமாகப் போகிறவரையும் பிடிக்கும்.

கடைசியாக மகளின் பேட்டரி சைக்கிள். மோட்டார் சக்தி 250 வாட்டுக்குக் குறைவு, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவு, பேட்டரி இல்லாமல் எடை 60 கிலோவுக்கு மேல் இல்லை, அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தின் சான்று உண்டு என்றால் அது மோட்டார் வாகனம் ஆகாது. பதிவும் லைசென்ஸும் வேண்டாம். கடைக்காரர் வாயால் சொல்வதை வைத்து வாங்காமல், மாடலும் வாட் அளவும் பில்லில் வரும்படி கேளுங்கள், சான்றின் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள். எடுத்துவிட்டால் அது பதிவில்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம், ஓட்டுவது உங்கள் மகள்.