எத்தனை முறை பெருக்கினோம்? அடுக்கும் மடக்கையும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: மடக்கை விதிகள் எல்லாம் மனப்பாடம். தேர்வில் மதிப்பெண்ணும் வந்துவிட்டது. ஆனால் "மடக்கை என்றால் என்ன?" என்று தம்பி கேட்டபோது சொல்லத் தெரியவில்லை. எப்படிப் புரியவைப்பது?

பதில்: "எத்தனை முறை பெருக்கினால் இது வரும்?" என்ற கேள்விக்கு விடைதான் மடக்கை. 2ஐ எத்தனை முறை போட்டுப் பெருக்கினால் 32 வரும்? ஐந்து முறை. ஆக, 2ஐ அடிமானமாகக் கொண்டால் 32இன் மடக்கை 5. அடுக்கில் எத்தனை முறை என்பது தெரியும், விடையைத் தேடுகிறோம். மடக்கையில் விடை தெரியும், எத்தனை முறை என்று தேடுகிறோம்.

தம்பிக்கு இதை வாயால் சொல்வதைவிடக் கையால் காட்டுங்கள். இரண்டு காகிதப் பட்டைகளை வெட்டிக்கொள்ளுங்கள். இடது ஓரத்தில் 1 என்று குறியுங்கள். அங்கிருந்து 3 செ.மீ. தள்ளி 2, இன்னொரு 3 செ.மீ. தள்ளி 4, அப்புறம் 8, 16, 32. இரண்டு பட்டையிலும் இதே மாதிரி. இப்போது கீழ்ப்பட்டையின் 4க்கு நேராக மேல்பட்டையின் 1ஐ வையுங்கள். மேல்பட்டையில் 8 இருக்கும் இடத்துக்கு நேர் கீழே என்ன இருக்கிறது? 32. நான்கெட்டு முப்பத்திரண்டு! பட்டைகள் செய்தது வெறும் கூட்டல்: 6 செ.மீ.யும் 9 செ.மீ.யும் சேர்ந்து 15 செ.மீ. பெருக்கற்பலனின் மடக்கை மடக்கைகளின் கூடுதல் என்று நீங்கள் மனப்பாடம் செய்த விதி இதுதான். 3ஐ எங்கே குறிப்பது என்று தம்பி கட்டாயம் கேட்பான். 2க்கும் 4க்கும் சரிபாதியில், அதாவது 4.5 செ.மீ.யில் வைத்தால் தப்பு, ஏறக்குறைய 4.75 செ.மீ.யில் வர வேண்டும். ஏன் என்று அவனையே யோசிக்க விடுங்கள். என் வகுப்பில் முதல் நாளே இந்தப் பட்டையை வெட்ட வைத்துவிடுவேன்.

ஜான் நேப்பியர் 1614இல் மடக்கை அட்டவணையை வெளியிட்டது, வானியல் கணக்கில் வரும் பெரிய பெருக்கல்களைக் கூட்டலாக மாற்றத்தான். அடுத்த ஆண்டே ஹென்றி பிரிக்ஸ் அவரைத் தேடிப்போய்ச் சந்தித்தார். 10ஐ அடிமானமாக வைத்தால் இன்னும் எளிது என்று இருவரும் பேசி முடிவெடுத்தார்கள். 1617இல் பிரிக்ஸ் 1 முதல் 1000 வரையுள்ள எண்களுக்கு 14 தசம இடங்கள் வரை கணக்கிட்டு அச்சிட்டார், எல்லாம் கையால். 1970களில் சட்டைப்பைக் கால்குலேட்டர் வரும் வரை பொறியாளர்கள் பயன்படுத்திய நழுவு அளவுகோல், உங்கள் இரண்டு காகிதப் பட்டைகளின் நேர்த்தியான வடிவம்தான்.

கேள்வி: எதற்கெடுத்தாலும் "அடுக்கு முறையில் வளர்கிறது" என்கிறார்கள். வேகமாக வளர்கிறது என்றுதானே பொருள்?

பதில்: இல்லை. சம கால இடைவெளியில் ஒரே மடங்காகப் பெருகுவதுதான் அடுக்குக்குறி வளர்ச்சி. ஆண்டுக்கு 1 சதவீதம் வளர்வதும் அதே வகைதான். அது இரட்டிப்பாக 70 ஆண்டு பிடிக்கும். தொடக்கத்தில் அது பின்தங்கியும் இருக்கலாம். ஒருவர் நாளுக்கு 1000 சேர்க்கிறார். இன்னொருவர் 1இல் தொடங்கி தினமும் இரட்டிக்கிறார். 13ஆம் நாள் முடிவில் முதலாமவரிடம் 13,000, மற்றவரிடம் 8,192. மறுநாளே 14,000க்கு எதிராக 16,384. அதன்பின் முதலாமவரால் எட்டிப் பிடிக்கவே முடியாது. தொற்றுநோய்க் காலத்தில் முதல் இரண்டு வாரத்தை அலட்சியமாக விட்டால் என்ன ஆகும் என்பதை இந்தப் பதினான்கு நாள் கணக்கை வைத்துத்தான் நான் விளக்குவேன்.

கேள்வி: பெருக்கலுக்குச் செய்ததுபோல, இரண்டு எண்களைக் கூட்டி வரும் எண்ணின் மடக்கையையும் அவற்றின் மடக்கைகளின் கூடுதலாகப் பிரித்து எழுதலாமா?

பதில்: கூடாது. 1 + 1 போட்டுப் பாருங்கள். 10ஐ அடிமானமாகக் கொண்டால் 2இன் மடக்கை 0.301, 1இன் மடக்கை பூச்சியம். பூச்சியமும் பூச்சியமும் 0.301 ஆகாது.

அந்த 0.301ஐ மட்டும் நினைவில் வையுங்கள். கீழே மூன்று இடத்தில் வரப்போகிறது.

கேள்வி: 6 அளவு நிலநடுக்கத்துக்கும் 7 அளவு நிலநடுக்கத்துக்கும் ஒன்றுதானே வித்தியாசம்? ஏன் இத்தனை பதற்றம்?

பதில்: அந்த ஒன்று கூட்டல் ஒன்று இல்லை, பெருக்கல். சார்லஸ் ரிக்டர் 1935இல் வகுத்த அளவில் ஒரு படி ஏறினால் கருவியில் பதியும் அதிர்வின் வீச்சு 10 மடங்கு. வெளியாகும் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு. இரண்டு படி என்றால் ஆற்றல் 1000 மடங்கு. பெரிய நிலநடுக்கங்களுக்கு இப்போது பயன்படும் திருப்புத்திறன் அளவும் (moment magnitude) மடக்கை அளவுதான்.

ஒலியிலும் இப்படித்தான். 60 டெசிபல் ஒலி தரும் இரண்டு இயந்திரங்களை ஒன்றாக ஓட்டினால் 120 வராது, 63தான் வரும். ஒலிச்செறிவு இரட்டிப்பானால் 10 பெருக்கல் 0.301, அதாவது 3 டெசிபல் கூடும். 120 டெசிபல் என்பது 60ஐவிடப் பத்து லட்சம் மடங்கு செறிவு, காதுக்கே ஆபத்து.

டென்மார்க் வேதியியலாளர் சோரன்சன் 1909இல் கொண்டுவந்த, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவில் எண் குறைந்தால் அமிலம் கூடும், ஒரு படிக்குப் பத்து மடங்கு. நம் ரத்தத்தின் பிஎச் சாதாரணமாக 7.35 முதல் 7.45 வரை இருக்கும். 7.4இலிருந்து 7.1க்கு இறங்கினால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு இரண்டு மடங்காகிவிடும், அதே 0.3 காரணமாக. தசமப் புள்ளிக்குப் பின்னால் நடக்கும் சின்ன மாற்றத்துக்கு மருத்துவர்கள் ஏன் ஓடுகிறார்கள் என்று இப்போது புரியும்.

கேள்வி: அரை ஆயுள் 5 மணி நேரம் என்றால் 10 மணி நேரத்தில் மருந்து முழுவதும் வெளியேறிவிடுமா?

பதில்: இல்லை. அரை ஆயுள் என்பது இருப்பது பாதியாகக் குறைய ஆகும் நேரம். 10 மணி நேரத்தில் கால் பங்கு மிச்சம் இருக்கும். பாதியில் பாதி. ஐந்து அரை ஆயுள் ஆன பிறகும் 3 சதவீதத்துக்குச் சற்று மேல் இருக்கும்.

கார்பன் 14ஐ வைத்துத் தொல்பொருளின் வயதைக் காண்பதும் இதே கணக்கு. அதன் அரை ஆயுள் 5,730 ஆண்டுகள். எலும்பு ஒன்றில் 30 சதவீதம் மிச்சம் என்றால் எத்தனை முறை பாதியாகியிருக்கும்? ஒரு முறைக்கு 50, இரண்டு முறைக்கு 25. விடை நடுவில் எங்கோ. அந்த "நடுவில் எங்கோ"வைத் துல்லியமாகச் சொல்ல மடக்கை வேண்டும்: 1.737 முறை. ஆக ஏறக்குறைய 9,950 ஆண்டுகள். இந்த முறையை உருவாக்கிய வில்லார்ட் லிபிக்கு 1960இல் வேதியியல் நோபல் கிடைத்தது. 50,000 ஆண்டுகளைத் தாண்டினால் மிச்சம் கால் சதவீதம்கூட இருக்காது, அளப்பது கடினம்.

கேள்வி: கூட்டு வட்டியில் பணம் எப்போது இரட்டிப்பாகும்? கால்குலேட்டர் இல்லாமல் சொல்ல முடியுமா?

பதில்: 72ஐ வட்டி விகிதத்தால் வகுங்கள். 6 சதவீதம் என்றால் 12 ஆண்டுகள் (துல்லியமாக 11.9). 8 சதவீதம் என்றால் 9. இந்தக் கணக்கைச் சேமிப்புக்குப் போடுபவர்கள் கடனுக்கும் தயவுசெய்து போட்டுப் பாருங்கள். மாதம் 3 சதவீதம் என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தால், கட்டாமல் விட்ட பாக்கி சுமார் 24 மாதத்தில் இரட்டிப்பாகும். ஆண்டுக்கு 36 சதவீதம் என்று நினைப்போம். வட்டிக்கு வட்டி சேர்ந்து அது 42.6 சதவீதம்.

கேள்வி: 2.718 என்ற எண் எங்கிருந்து வந்தது?

பதில்: அதுவும் வட்டியிலிருந்துதான். 1 என்ற முதலுக்கு ஆண்டு வட்டி 100 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு முடிவில் ஒரே தடவை சேர்த்தால் 2. அரையாண்டுக்கு ஒருமுறை சேர்த்தால் 2.25. மாதந்தோறும் 2.613. தினந்தோறும் 2.7146. நொடிக்கு நொடி சேர்த்தாலும் 2.71828...ஐத் தாண்டாது. யாக்கோபு பெர்னூலி 1683இல் இந்தக் கேள்வியை ஆராய்ந்தார். எந்தக் கணத்திலும் தன் அளவுக்குச் சமமான வேகத்தில் வளரும் சார்புக்கு இதுவே அடிமானம். அதனால்தான் சூடு ஆறுவது முதல் கதிரியக்கம் வரை எல்லாச் சூத்திரத்திலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

கேள்வி: 2ஐ நூறு முறை பெருக்கினால் எத்தனை இலக்க எண் வரும்?

பதில்: 100 பெருக்கல் 0.301 என்றால் 30.1. முழு எண் பகுதியோடு ஒன்றைக் கூட்டுங்கள்: 31 இலக்கம். ஆயிரம் முறை என்றால் 302.